ஒரு கூறையில் எத்தனை மூட்டை

பின்னேரப் பாண் வண்டி வருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். சந்தியில் திரும்பி எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கும்போதே பாணும் பணிசும் விற்கிற அந்த முச்சக்கர வண்டி கீச்சுக்கீச்சென்று ஒரு பாட்டைப் போட்டுவிடும், அந்தப் பாட்டுக்குத்தான் சாருஜா எழும்புவாள். பக்கத்து வீட்டில் தகரம் இழுத்தாலும் எழும்பமாட்டாள், நாய் குலைத்தாலும் எழும்பமாட்டாள், இந்தப் பாட்டுக்கு மட்டும் கண்ணைத் திறப்பாள். இரவு முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் வேலைக்கு நின்றுவிட்டுக் காலையில் வந்து படுத்த பிள்ளை. எழும்பி, முகம் கழுவி, ஈர முகத்தோடு இந்தக் கதவடியில் வந்து நின்று, பெரியம்மா வாசியுங்கோ என்பாள். நேற்று வேலைக்கு வெளிக்கிடும்போதே சொல்லிவிட்டாள், என் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கேட்காமல் இன்று வேலைக்குப் போகமாட்டாளாம். வாசிக்கலாம், அதிலென்ன, எழுதியவளுக்கு வாசிக்கத் தெரியாதா, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க வேண்டியதுதான். ஆனால் அத்தியாயம் மேசையில் கிடக்க, அதற்கு மேலே, மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் பாரம் வைத்த மாதிரி, என் தங்கை தவமலரின் கூறைச் சீலை கிடக்கிறது. சாருஜாவின் அம்மாவின் கூறை. கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தட்டத்தில் வைத்துக் கொடுக்க, உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து, தாலிக்குக் கழுத்தை நீட்டிய அரக்குச் சிவப்பு. இது இங்கே கிடக்கக் கூடாது. சாருஜா சொன்ன கதையின்படி, அதை நம்பி நான் எழுதிய நாவலின்படி, இந்தச் சீலை போரின் கடைசிக் காலத்தில் வன்னியில் வெட்டப்பட்டு, மூட்டையாகத் தைக்கப்பட்டு, மண் நிரப்பப்பட்டு, ஒரு பங்கரின் வாசலில் அடுக்கப்பட்டு, மழையில் ஊறி, நெருப்பில் கருகி, மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பூச்சி உருண்டை வாசத்தோடு, மடிப்புக் கலையாமல், என் மேசையில் சொகுசாகப் படுத்திருக்கிறது. சீலை பொய் சொல்லாது என்று அந்த அத்தியாயத்தில் ஒரு வரி வேறு எழுதி வைத்திருக்கிறேன். என்ன வாய்க்கொழுப்பு எனக்கு.

மூட்டைக் கதை வெளியூர்க்காரருக்கு விளங்காது, எனக்கே சாருஜா சொல்லித்தான் விளங்கியது. அங்கே சாக்கு முடிந்துவிட்டது. பங்கர் வெட்டினால் மேலே பனங்குற்றி பரப்பி, சுற்றிவர மண்மூட்டை அடுக்க வேண்டும், சாக்கு இல்லாத இடத்தில் பெண்களிடம் சீலைதான் இருந்தது. முதலில் நைந்த சீலை, பிறகு வெளியில் போகவர உடுக்கிற சீலை, பிறகு கோயிலுக்கு வைத்திருந்த பட்டு, ஆகக் கடைசியில் கூறை. குறுக்கே வெட்டி, மூன்று பக்கம் தைத்து, மண்ணைக் கொட்டி, வாயைக் கட்டினால் மூட்டை. அடுத்த இடத்துக்கு ஓடும்போது விட்டுவிட்டு ஓடுவார்கள், பின்னால் வருகிறவர்கள் அதை எடுத்துத் தங்கள் பங்கருக்கு அடுக்குவார்கள், யாருடைய சீலை யாருடைய தலைக்கு மேல் இருக்கிறது என்று கடவுளுக்கும் கணக்கில்லை. நான் அங்கே இருக்கவில்லை. வன்னிக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள், நான் யாழ்ப்பாணத்தில் இதே கதிரையில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தேன். எல்லாம் முடிந்து முகாமிலிருந்து சாருஜா என் கைக்கு வந்தபோது அவளுக்கு எட்டு வயது, பேனுக்காகத் தலையை மழித்திருந்தார்கள், தோளெலும்பைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான். அப்பா முதலே எறிகணைச் செல் விழுந்து போய்விட்டார். அம்மாவும் அவளும் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்தார்கள். இதிலேயே இரு, அசையாதே என்று சொல்லிவிட்டு அம்மா கஞ்சி வரிசைக்குப் போனா. செல்லடி தொடங்கியது. அவள் ஓடினாள். ஒரு பங்கர் வாசலில் அம்மாவின் கூறை மூட்டையாக இருந்தது. அம்மான்ட சீலையைக் கண்டன், உள்ளுக்குப் போனன். அவ்வளவுதான் கதை. தவமலர் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, இன்றுவரைக்கும் வரவில்லை, இருக்கிறாள் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லி அழவும் ஒரு எலும்புத்துண்டு இல்லை.

அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். வீட்டுக்கு ஆள் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டுத் தேவாரம் பாடச் சொல்வதில்லையா, அப்படித்தான், சாரு, அந்தக் கூறைக் கதையை மாமிக்குச் சொல்லு, சாரு, சித்தப்பாவுக்குச் சொல்லு. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்வாள். தாய் இல்லாத இடத்திலும் தாயின் சீலை பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளே எடுத்ததே என்று கேட்டவர்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். நானும் சிந்தினேன். நாவலாசிரியை அல்லவா, சிந்திய கையோடு பேனாவையும் எடுத்தேன். எழுதி எழுதிக் கிழித்து, இப்போதுதான் ஒரு புத்தகத்துக்கான தாள் சேர்ந்திருக்கிறது. அதில் வருகிற பிள்ளைக்குப் பூமதி என்று பெயர் வைத்தேன். பூமதி அதிகம் பேசமாட்டாள். பெரிய கண். அந்தக் கண்ணால் யுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை. உண்மையில் சாருஜா சின்னதில் சரியான வாய்காரி. சமாதான காலத்தில் தவமலர் அவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, நாலு வயதுக் குஞ்சு, சோதனைச்சாவடியில் ஆமிக்காரனிடமே என்ர பொம்மையைத் தா என்று கேட்டு வாங்கியதாம். உந்த வாயை அடக்கி வளர் என்று நான் சொன்னேன். தவமலர் சிரித்தாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அக்கா, விடுங்கோ என்றாள். ஆனால் நாவலுக்கு வாயாடிப் பிள்ளை சரிவராது. வாயாடிக்கு வாசகர் அழமாட்டார்கள், கன்னத்தில் ஒன்று போடலாமா என்றுதான் பார்ப்பார்கள். அதனால் வாயை எடுத்துவிட்டுக் கண்ணைப் பெரிதாக்கினேன். தொழில் தெரிந்தவள் நான்.

தொழில். பசியை எழுதத் தெரியாத தொழில். பூமதிக்குப் பசித்தது என்று எழுதினால் அது மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையின் பசியாகத்தான் நிற்கிறது. வயிறு எரிந்தது என்று எழுதி வெட்டினேன். செல் மழைபோலப் பொழிந்தது என்று எழுதி வெட்டினேன், அது மழையை மட்டும் கண்டவள் எழுதுகிற வரி. சாருஜாவிடம் கேட்டால், பசி தெரியேல்ல பெரியம்மா, வாய் உப்பாக் கிடந்தது என்கிறாள். வாய் ஏன் உப்பானது, கடற்காற்றா, கண்ணீரா, கஞ்சியில் உப்பு மட்டும்தான் இருந்ததா, தெரியாது. ஒரு நாள் அவள் வேலைக்குப் போன பிறகு நான் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துப் பார்த்தேன். பங்கர் எப்படி இருக்கும் என்று அறிவதற்காம். ஐம்பத்தெட்டு வயதுக் கிழவி, முழங்காலில் எண்ணெய் பூசிக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே. ஒரு செத்த கரப்பானும், போன வருசம் தொலைந்த கண்ணாடிக் கூடும் கிடைத்ததுதான் மிச்சம், மரணபயம் வரவில்லை, முதுகு பிடித்துக்கொண்டது. வெளியே வரும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. செல் வரும்போது வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று சாருஜா சொல்லியிருக்கிறாள், இல்லாவிட்டால் காது வெடித்துவிடுமாம், பெரியவர்கள் பிள்ளைகளின் தாடையைப் பிடித்து ஆ சொல்லு, ஆ சொல்லு என்பார்களாம். அதை அழகாக எழுதிவிட்டேன், அந்தப் பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் பக்கத்து அறையில் அவள் இந்த நிமிசமும் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாள். ஒரு கை காதை மூடியிருக்கும். பதினாறு வருசமாக அப்படித்தான். கதவிடுக்கால் பார்த்துவிட்டு வந்தேன். வாயை மூடிவிட மனம் வந்தது, கை போகவில்லை.

தகரம். பக்கத்து வீட்டுக்காரன் மறுபடியும் தகரம் இழுக்கிறான். இந்த வெயிலில் கூரை மாற்றாவிட்டால் என்ன குடி முழுகிவிடும். ஒவ்வொரு இழுவைக்கும் என் கை சீலையின் மேல் போய் மூடுகிறது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் மாதிரி. போன கிழமை வரைக்கும் எனக்கும் தெரியாது. கோண்டாவிலில் சின்ன மாமி செத்து, வீட்டை விற்க அவவின் மகன் சுவிஸிலிருந்து வந்திருந்தான், அலுமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, மச்சாள், இதில உங்கட தங்கச்சியின்ட சாமான் கிடக்கு என்று கொண்டுவந்து தந்தான். சாருஜா வேலையில் நின்றாள், நல்லகாலம். திறந்தால் ஒரு வெண்கலக் குத்துவிளக்கு, ஒரு கலியாண அல்பம், இந்தக் கூறை. எனக்கு முதலில் விளங்கவில்லை, சந்தோசமாகக்கூட இருந்தது, ஆ, கூறை தப்பிவிட்டதே என்று. பிறகு விளங்கியது. கட்டிலில் இருந்துவிட்டேன். சமாதான காலத்தில் வந்தபோது, வன்னியில் மண்வீடு, கறையான் என்று சொல்லிச் சின்ன மாமியிடம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை, அக்காவிடம் கொடுத்தால் நூறு கேள்வி கேட்பாள் என்று நினைத்திருப்பாள், சரிதான், கேட்டிருப்பேன். பிறகு பாதை பூட்டுப்பட்டது. இது வேறு கூறையாக இருக்கக் கூடாதா என்று முந்தானையைத் தேடினேன். இருந்தது. ஓமத் தீயிலிருந்து ஒரு பொறி பறந்து முந்தானையில் விழ, தாலி ஏறின கையோடு அவள் என் பக்கம் சாய்ந்து, அக்கா பொத்தல் என்று குசுகுசுத்தாள். சின்ன மாமி அபசகுனம் என்று முகத்தைச் சுழித்தா. அடுத்த நாள் நான்தான் இழை ஓடினேன், அரக்கு நூல் வீட்டில் இல்லை, செம்மஞ்சள் நூலால் தைத்தேன். அந்தச் செம்மஞ்சள் இப்போதும் அப்படியே நிற்கிறது. என் கைத்தையல். அதற்குமேல் என்ன சாட்சி.

ஆக அந்தப் பங்கர் வாசலில் இருந்தது தவமலரின் கூறை இல்லை. யாரோ ஒருத்தியின் கூறை. இந்த ஊரில் கலியாணம் கட்டிய பெண்ணுக்கெல்லாம் ஒரே அரக்கு, ஒரே சரிகை, பாதிப் பேருக்கு ஒரே கடை, எட்டு வயதுப் பிள்ளை புகைக்குள் நின்று பார்த்தால் எல்லாக் கூறையும் அம்மாவின் கூறைதான். ஒரு பிழையில் உயிர் தப்பியிருக்கிறாள். தப்பியது தப்பியதுதானே, பிழையில் தப்பினால் என்ன, சரியில் தப்பினால் என்ன. இல்லை, அப்படியில்லை. வார்டில் ஒரு தாய் செத்துப்போனால் அந்தப் பிள்ளைகளிடம் இவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும், கூட வேலை செய்கிற பிள்ளை ஒருத்தி சொன்னாள், அம்மா எங்கேயும் போகமாட்டா, ஏதாவது ஒரு துணியிலாவது நிற்பா என்று சொல்வாளாம். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பதினாறு வருசமும் நடந்திருக்கிறாள். நான் இதைக் காட்டினால் அது கையை விட்டுப் போகும். அவள் விழுந்தால் தாங்க இந்த வீட்டில் முழங்கால் பிடித்த நான் ஒருத்திதான். காட்டாவிட்டால்? காட்டாவிட்டால் நாவல் அச்சுக்குப் போகும். சென்னையிலிருந்து பதிப்பாளர் நேற்றும் போன் எடுத்தார். "மேடம், அந்தப் புடவை சீன் படிச்சிட்டு எங்க வீட்ல எல்லாரும் அழுதுட்டாங்க மேடம். அட்டையில அந்தப் புடவையே போட்டுரலாம். கடைசில மட்டும் ஒரு சின்ன நம்பிக்கை வர்ற மாதிரி பார்த்துக்கங்க." நம்பிக்கைதானே, கிலோக் கணக்கில் இருக்கிறது, எவ்வளவு வேணும் தம்பி என்று கேட்க வாய் உன்னியது. சரி மேடம் சரி மேடம் என்று அவர் சொல்வதற்கு முன் நானே சரி சொல்லிவிட்டேன்.

எரித்துவிடலாம். கிணற்றடியில் தென்னோலையோடு போட்டு ஒரு தீக்குச்சி. பட்டு எரிந்தால் மயிர் கருகின மணம் வரும், தலைமாட்டில் பிணம் எரிகிற மணம், அவள் எழும்பிவிடுவாள். கோயிலுக்குக் கொடுக்கலாம், அம்மனுக்குச் சாத்த, பொத்தல் சீலை அம்மனுக்கு ஆகாது. திருப்பிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம், பூட்டினால் நான் செத்த பிறகு அவள்தான் திறப்பாள், அப்போது நானும் இருக்கமாட்டேன், பெரியம்மாவும் ஏமாற்றினாள் என்று அதுவும் சேரும். வாசித்துவிட்டுச் சொல்லலாம். சொல்லிவிட்டு வாசிக்கலாம். சொல்லாமல் வாசிக்கலாம். வாசிக்காமல் சொல்லலாம். மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி இதையே சுற்றுகிறேன், எண்ணெய் ஒரு சொட்டும் வரவில்லை. மின்சாரம் போய்விட்டது. விசிறி ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நின்றது. இனி அவளுக்கு வியர்க்கும், எழும்புவாளோ, இல்லை, வியர்வைக்கெல்லாம் எழும்புகிறவளா, பிணங்களுக்கு நடுவில் தூங்கின பிள்ளை. பயமாக இருக்கிறது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கண் பெரிதாகுமே, நான் பூமதிக்கு வைத்த கண்ணைப்போல, அதைப் பார்க்கப் பயம். நாவலில் பெரிய கண் வைப்பது சுகம், எதிரில் வைத்துப் பார்ப்பது அப்படியில்லை. தவமலர், நீயாவது வந்து சொல்லேன். எல்லாவற்றையும் அக்கா தலையில் போட்டுவிட்டுப் போவது உனக்குப் பழக்கம்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வெட்கங்கெட்ட யோசனை. ஒரு கூறையில் எத்தனை மூட்டை வரும்? அத்தியாயத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறேன், ஊகத்தில். சீலைதான் கையில் இருக்கிறதே, அளந்து பார்த்தால் என்ன. வீடு எரியும்போது பிடுங்கினது லாபம் என்கிற புத்தி, எழுதுகிறவளை விட்டுப் போகாது. கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி, நிலத்தில் இருந்து, சீலையை விரித்தேன். அறை சிவந்துபோயிற்று. விரிக்க விரிக்கக் கலியாண வீட்டு மணம் வந்தது, சந்தனம், புகை, அவளுடைய கழுத்து மணம்கூட வந்தது போலிருந்தது. முழங்கையால் அளந்து ஒரு மடிப்பு மடித்தேன், இவ்வளவு ஒரு மூட்டைக்கு. இன்னொரு மடிப்பு. இதில் மண்ணைக் கொட்ட வேண்டும், கையால் அள்ளிக் கொட்டியிருப்பாளோ, கோப்பையாலோ, வாயைக் கட்ட நூல் எங்கே கிடைத்தது, சீலைக் கரையைக் கிழித்திருப்பாளோ. இது அவள் சீலை இல்லை என்பது மறந்துபோய் அவளே எனக்கு முன்னால் இருந்து தைக்கிற மாதிரி இருந்தது. தையல் ஊசி கையில் ஏறினால் அவள் விரலை வாயில் வைத்துக்கொள்வாள், சின்னதிலிருந்தே. அழுகை வந்தது. சத்தம் வராமல் அழ எனக்குத் தெரியும், அதையும் இந்த வருசங்களில்தான் பழகினேன். கீச்சுக்கீச்சென்று பாட்டுக் கேட்டது. பாண் வண்டி. சந்தியிலா, ஒழுங்கைக்குள்ளேயா, நல்ல கிட்ட. எழும்பப் பார்த்தேன், முழங்கால் பூட்டிக்கொண்டது. மேசைக்காலைப் பிடித்தேன். சீலையை வாரினேன், ஆறு முழம் வார நான்கு முழம் விரிகிறது. பாட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. குளியலறையில் தண்ணீர் விழுந்தது, நின்றது. சாருஜா ஈர முகத்தோடு கதவடியில் நின்றாள்.

"என்ன பெரியம்மா, நிலத்தில?"

அவள் என்னைப் பார்த்தாள், சீலையைப் பார்த்தாள். கண் பெரிதாகவில்லை. வந்து எனக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்து, முந்தானையை இழுத்து மடியில் போட்டு, விரலால் தடவிக்கொண்டு போய் அந்தத் தையலில் நின்றாள்.

"இதுதானே அந்தப் பொத்தல். அக்கா வேற நிற நூலால தைச்சுப்போட்டா எண்டு அம்மா எப்பவும் பேசிறவ."

"சாரு, இது சின்ன மாமி வீட்டில..."

"தெரியும். கறையானுக்குப் பயந்து குடுத்தது. பங்கருக்குத் தைக்கேக்கை அம்மா சொன்னவ, கூறை கையில இருந்திருந்தா இன்னும் நாலு மூட்டை வந்திருக்கும் எண்டு."

நாலு. நான் மூன்று என்று எழுதியிருக்கிறேன். அந்த நேரத்திலும் என் புத்தி அதைத்தான் முதலில் நினைத்தது. பிறகுதான் அவள் சொன்னது எனக்குள் இறங்கியது.

"அப்ப நீ கண்ட கூறை?"

"ஆரின்டையோ."

"உனக்கு அப்பவே தெரியுமோ?"

"பின்ன? அம்மான்ட சீலை எனக்குத் தெரியாதே?" அவள் முந்தானையை மடியில் வைத்து நீவினாள். "எல்லாப் பங்கரிலயும் இடமில்லை எண்டு துரத்திப்போட்டினம் பெரியம்மா. இதிலயும் வாசலில ஒரு ஐயா இருந்து காலால மறிச்சவர். நான் அந்த மூட்டையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கத்தினன். இது என்ர அம்மான்ட கூறை, இது எங்கட பங்கர், நீங்கள் வெளிய போங்கோ எண்டு."

"ஐயோ பிள்ளை."

"அவர் விடேல்ல. உள்ளுக்கு ஒரு மனிசி இருந்தவ, மூக்குத்தி போட்டவ. அவதான் சொன்னவ, ஓம் ஐயா, அது அவளின்ட தாயின்ட கூறைதான், எனக்குத் தெரியும், விடுங்கோ எண்டு. அதுக்குப் பிறகுதான் காலை எடுத்தவர்."

"அவ ஏன் அப்பிடிச் சொன்னவ? உன்னை அவவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. அவவின்ட கூறை அது." சாருஜா அந்தத் தையலை விரலால் அழுத்தினாள். "உள்ளுக்குப் போன பிறகு என்ர காதுக்குள்ள சொன்னவ, அது என்ர கூறையடி கள்ளி, பேசாம இரு எண்டு. சிரிச்சவ. ஒராள் இருக்கவும் இடமில்லை. அவ எழும்பித் தன்ர இடத்தை எனக்கு விட்டிட்டு வாசலடிக்குத் தள்ளி இருந்தவ. பிறகு ஒரு செல் வாசலடியிலதான் விழுந்தது."

வெளியே தகரச் சத்தம் நின்றிருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், குளிர்ந்த ஈரக்கை. "ஏன் என்னட்டைச் சொல்லேல்ல? இவ்வளவு காலம்?"

"முதல் நாள் நான் பாதிதான் சொன்னனான். அதுக்குள்ள நீங்களெல்லாம் அழத் துடங்கிட்டீங்கள். அம்மா காப்பாத்திப்போட்டா, அம்மா காப்பாத்திப்போட்டா எண்டு. பிறகு எப்பிடி மிச்சத்தைச் சொல்லுறது?" குரல் உயரவில்லை, எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. "அம்மாவை நினைச்சு நீங்கள் அழுதது எனக்கும் நல்லாத்தான் இருந்தது. ஆனா நீங்கள் ஒவ்வொரு அத்தியாயமா வாசிக்க வாசிக்க எனக்கு அந்த மனிசியின்ட முகம்தான் வருது. இண்டைக்கு வாசிச்சு முடிய நானே சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். உங்கட பூமதி நல்ல பிள்ளை பெரியம்மா. ஒரு கதையும் பறையாது, சும்மா பாத்துக்கொண்டு நிக்கும். அந்த ஐயா போ எண்டால் போயிடும். அது செத்திருக்கும்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அக்கா, விடுங்கோ. விட்டேன்தானே, தவமலர், வாயைத்தானே முதலில் எடுத்துவிட்டேன். அழகான கண்ணும் தாய்ப்பாசமும் வைத்து ஒரு பிள்ளையை இவ்வளவு காலமும் கொன்று கொன்று எழுதியிருக்கிறேன், அதை வாசித்துத்தான் பதிப்பாளர் வீட்டில் எல்லாரும் அழுதிருக்கிறார்கள். சாருஜா எழும்பி, சீலையை உதறி, ஒரு நுனியை என் கையில் தந்தாள். இரண்டு பேருமாக மடித்தோம், கலியாண வீடு முடிந்த அடுத்த நாள் மடிக்கிற மாதிரி, மூலைக்கு மூலை பிடித்து, கிட்ட வந்து, விலகி, கிட்ட வந்து.

"இதை என்ன செய்யிறது சாரு?"

"பெட்டிக்குள்ளயே வையுங்கோ. அம்மா வந்தா கேப்பா."

சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனாள். நான் மேசையைப் பிடித்துக் கதிரையில் ஏறி இருந்தேன். கடைசி அத்தியாயத்தை எடுத்து, சீலை பொய் சொல்லாது என்கிற வரியிலிருந்து முடிவு வரைக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். புதுத் தாளை எடுத்தேன். பூமதி வாசலில் நின்று பொய் சொன்னாள் என்று எழுதினேன். அடுத்த வரியில் அந்த மனிசி வர வேண்டும், வந்து ஓம் என்று சொல்ல வேண்டும், அதற்கு அவவுக்கு ஒரு பெயர் வேண்டும். குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டேன். கேத்தலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது, பிறகு அவள் குரல் வந்தது.

"தெரியாது பெரியம்மா. நான் கேக்கேல்ல."